ரெண்டு வயது குறைத்து எழுதினேன், மிஸ்

மிஸ்,

என் தண்ணிக் குடத்துக்கு மூடி, முகாமில் நீங்கள் எனக்குத் தந்த அந்த அட்டைப் பலகைதான். தாளைக் கவ்விப் பிடிக்கிற தகரக் கிளிப் துருப்பிடித்து இறுகிப் போயிற்று. தண்ணி அள்ளுகிற ஒவ்வொரு தரமும் அந்தத் துரு மணம் கையில் ஒட்டும். பழகிய மணம், நான் கவனிக்கிறதே இல்லை. நேற்றுக் காலமை வரைக்கும்தான் அது. நேற்றிலிருந்து கையைக் கழுவக் கழுவ மணக்கிறது.

நேற்று நீங்கள் படிப்பித்த கெம்பஸில் இருந்து ஒரு தங்கச்சி வந்தா. வவுணதீவுப் பாலத்தைக் கடந்து, வயல்வட்டை ஓரமாக ஸ்கூட்டியில் வந்த வரத்தில் முகமெல்லாம் புழுதி. குடிக்கத் தண்ணி கேட்டா. நான் பலகையைத் தூக்கிவிட்டுத் தண்ணி அள்ளிக் குடுத்தால், செம்பை வாங்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அக்கா, இந்தப் பலகையை நான் போட்டோவில கண்டிரிக்கன். மிஸ்ஸிர அறையில தொங்குது. நீங்க இதைப் புடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க."

"அதில நான் மெலிவு," என்றேன்.

உங்கட வருசத் திவசத்தோடு கெம்பஸில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். அதில் இந்தத் தங்கச்சிதான் பேசப் போறா. நீங்கள் விட்ட இடத்திலிருந்து உங்கட ஆய்வைத் தொடரவும் போறாவாம். முகாமில் நாங்கள் வாசிக்கப் பண்ணிப் பார்த்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, இப்ப எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வேணுமாம். உங்கட தாள்களில் எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. எந்த எண் எந்தப் பிள்ளை என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று உங்கட மருமகன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"உலகத்தில எத்தனை பேர் மிஸ்ஸிர அந்தக் கட்டுரையைச் சொல்லி எழுதுறாங்க தெரியுமா அக்கா? போன கிழமையும் எண்ணிக்கை கூடியிரிக்கு. இந்த ஊரில இருந்து போன ஒரு கட்டுரைக்கு இவ்வளவு பேர்!" அந்தப் பிள்ளையின் கண் மின்னியது. நான் பலகையை எடுத்துக் குடத்தை மூடினேன்.

புதன்கிழமை திரும்பி வருவாவாம். அதுக்குள் நான் யோசித்துச் சொல்ல வேணும். நேற்றிலிருந்து சோறு இறங்குதில்லை. உங்கட நம்பர் இன்னும் என் போனில் கிடக்கிறது. அழுத்தினால் யாரோ ஒரு பொம்பிளை சிங்களத்தில் ஏதோ சொல்றா. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கை, எழுத்துக் கோணும். "மனசுக்குள்ள சுத்துறதத் தாளில இறக்கி வை புள்ள," என்று நீங்கள்தானே சொல்வீர்கள். இறக்கி வைக்கிறேன்.

கடல் வந்து போன பிறகு வாகரைப் பக்கத்து ஆக்கள் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். என் மனிசனையும் சின்ன மகளையும் கடல் கொண்டு போயிற்று. மூத்தவன் ரூபன் மட்டும் என்னோடு. நீங்கள் கஞ்சி போட்ட பருத்திச் சீலையோடும் துணிப் பையோடும் வந்து இறங்கினீர்கள். பாயில் இருக்கச் சொன்னோம். ஒரு காலை மடித்தீர்கள், மற்றக் காலை என்ன செய்கிறதென்று தெரியவில்லை. தங்கமலர் அக்கா சும்மா இருப்பாவா?

"மிஸ், ஒங்களுக்குக் கதிரை கொண்டு வரவா? இல்லாட்டி அந்தக் காலை நாங்க புடிச்சி மடிச்சி விடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நீங்கள். கடல் வந்ததுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் சிரிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். அதனால்தான் அந்தப் பெண்கள் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்வி உளவியல் என்று சொன்னீர்கள். எனக்கு விளங்கவில்லை. "புள்ளைக்கு மனசு நொந்து கிடக்கக்குள்ள படிப்புக்கு என்ன நடக்குது எண்டு பாக்கிற வேலை," என்றீர்கள். அது விளங்கியது. உங்கட பையில் வாசிப்பு அட்டைகள் இருந்தன. முதல் வரியில் அம்மா, ஆடு. கீழே போகப் போகச் சொல் நீளும், கடைசி வரி பெரியாக்களுக்கே தடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் எது வரைக்கும் வாசிக்கிறதென்று நீங்கள் குறிப்பீர்கள். தாய்மாரிடம் கேட்டு வயது, வகுப்பு, வீட்டில் எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்று நிரப்புகிற வேலைக்கு ஒரு ஆள் வேணும். பேறு பார்க்கிற என் மாமியோடு வீடு வீடாகப் போய் வந்தவள் நான். அந்த மண்டபத்தில் கிடந்த முக்கால்வாசிப் பிள்ளைகளை அதுகள் பிறந்த அன்றைக்கே கண்டவள். என்னைப் பிடித்துப் பலகையைக் கையில் தந்தீர்கள்.

தாளில் பெயர் எழுத விடவில்லை நீங்கள். எண் மட்டும். எண்ணுக்கு எதிரே பெயரை ஒரு நீலக் கொப்பியில் எழுதச் சொன்னீர்கள். "கொப்பி உன்னட்டயே இரிக்கட்டும் புள்ள. நான் கேட்டாலும் காட்டாத." பெயர்ப் பட்டியலைக் கண்டால் எங்களுக்குக் குலை நடுங்கும் என்பதை அவ்வளவு தூரம் விளங்கிக்கொண்ட படித்த ஆளை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. ஆனால் மிஸ், பெயரை மறைத்த உங்களுக்கு மற்றது விளங்கவில்லை.

முதலில் போனது தங்கமலர் அக்காவிடம். அவட மகன் ஜீவனுக்குப் பன்னிரண்டு. நான் கண்ட பிள்ளை, எனக்குத் தெரியாதா?

"வயசு?" என்று கேட்டேன்.

"பத்து."

நிமிர்ந்து பார்த்தேன். கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"பத்துகா. எழுதுகா."

மறைப்புக்குக் கட்டின சீலைத் திரைக்கு அங்கால அந்தப் பத்து வயதுப் பிள்ளை, உடைந்த குரலில் எருமைக் கடா மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. பத்து என்று எழுதினேன்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு வயது ஏறினால் தாய்க்கு ஒரு பிடி சோறு இறங்காது. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வருகிற ஆக்கள் பெயரை விசாரிக்கிறதில்லை. உயரத்தைப் பார்ப்பார்கள், வயதைக் கேட்பார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் கடலோடு போயிற்று. எடுத்ததெல்லாம் எடுத்த கடல் எங்களுக்குச் செய்த உதவி அது ஒன்றுதான். இனி எந்தத் தாய் என்ன வயது சொன்னாலும் அதுதான் வயது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளை வைத்திருந்த தாய்மார் நிறையப் பேர் ரெண்டு குறைத்துச் சொன்னார்கள். பொடியன்மாருக்குக் கட்டைக் காற்சட்டை. பெட்டைகளுக்கு ரெட்டைப் பின்னல், றிபன். ஆளைக் கண்டால் முதுகை வளைத்து நட என்று காதுக்குள் சொல்லி வைத்திருந்தார்கள்.

எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்ற கட்டத்தில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அது மட்டும் சரியாக இருந்தது.

ரூபனுக்குப் பதின்மூன்று. என் தாளை நானே நிரப்பினேன். பதினொன்று. அவன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான்.

"அம்மா, பதினொண்டு நான் முடிச்சிட்டன்."

"வாயை மூடு."

"அப்ப பதின்மூணு எனக்கு ரெண்டு தரம் வருமா?"

"வந்தா நல்லதுதானே, ரெண்டு தரம் கேக் தின்னலாம்," என்றேன். கேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புக்குத் திரும்பப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு இருந்தான். கால் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அவன் வாசித்த நாளை நான் மறக்க மாட்டேன். நீங்கள் ஓடி வந்து என் கையைப் பிடித்தீர்கள். "புள்ள, ஒன்ட மகன் கடைசி வரி மட்டும் தடக்காம வாசிச்சிட்டான். பதினொரு வயசு! அப்பனையும் தங்கச்சியையும் குடுத்த புள்ள! இவன் மட்டுமில்ல, நிறையப் புள்ளைகள் வயசுக்கு மிஞ்சி வாசிக்கிறாங்க. என்ன புள்ளைகள் இதுகள்!" உங்கட கண் நிறைந்து வழிந்தது.

பதின்மூன்று வயதுப் பிள்ளை வாசிக்கிறதை வாசித்திருக்கிறான், அவ்வளவுதான். தண்ணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் போய் நின்றேன். சொல்லிவிடுவோமா என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் றோட்டால் அந்த ஆக்களின் மோட்டார் சைக்கிள் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்துப் பார்த்து, மெதுவாகப் போயிற்று. வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "நல்லா வாசிப்பான் மிஸ், சின்னதிலயே அப்பிடித்தான்," என்று சொன்னேன்.

அதுக்கு மறுகா, சண்டை எங்கள் பக்கம் திரும்பி, திரும்பவும் ஓடினோம். நீலக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். ஒரு முகாம், இன்னொரு முகாம், கடைசியில் ஆத்துக்கு இக்கரையில் இந்தக் காணித்துண்டு. ஜீவனைத் தங்கமலர் அக்கா இந்த ஓட்டத்துக்கு முதலே பறிகொடுத்துவிட்டா. டியூசனுக்குப் போன பொடியன் திரும்பி வரவில்லை. பத்து என்று எழுதியும் அவன் உயரத்தை மறைக்க ஏலவில்லை.

சண்டை முடிந்து சத்தம் ஓய்ந்த காலத்தில் ஒரு நாள் நீங்கள் கேக் பெட்டியோடு வந்தீர்கள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். "இது நீதான்." இங்கிலீசில் என் பெயர். நன்றி சொல்லிப் போட்டிருந்தீர்கள். அந்த எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, வியர்த்தது.

மேற்கோள் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். யாராவது இந்தக் கட்டுரையைப் படித்து, தங்கட கட்டுரையில் 'இவ இப்படிச் சொல்லியிருக்கிறா' என்று எழுதினால், அது ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை ஏற ஏற எழுதின ஆளுக்குப் பெயர்.

"அப்ப குழாயடிக் கதை மாதிரித்தானே மிஸ்? அவ சொன்னா எண்டு இவ சொல்ற, இவ சொன்னா எண்டு மற்றவ சொல்ற."

நீங்கள் சிரித்துத் தேத்தண்ணியைச் சீலையில் ஊற்றிக்கொண்டீர்கள். "அதேதான் புள்ள! குழாயடிதான்! ஆனா இஞ்ச ஆர் சொன்ன எண்டு பேர் போடோணும்."

குழாயடியில் ஒரு பொய்க் கதை புறப்பட்டால் பிடித்து நிறுத்த ஏலாது என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதுக்குப் பிறகு எப்போதாவது போன் வரும். "ஏறிட்டு புள்ள!" எண்ணிக்கையைத்தான் சொல்வீர்கள். எங்கேயெல்லாமோ வெள்ளம் வந்த ஊர்களில், சண்டை நடந்த ஊர்களில் உங்கட கட்டுரையைச் சொல்கிறார்களாம். பள்ளிக்கூடத்தை வெள்ளெனத் திறந்தால் போதும், பிள்ளைகள் தானாக எழும்பி வயதுக்கு மிஞ்சியும் வாசிப்பார்கள் என்று நீங்கள் எழுதியதை. நான் "நல்லம் மிஸ், நல்லம் மிஸ்" என்பேன்.

பிடிபட்டது ரூபனின் அடையாள அட்டையால். உண்மை வயது வெளியே வந்துவிடும் என்று அட்டை எடுக்கிறதை நான்தான் இழுத்தடித்தேன். கிராம சேவகர் எழுதித் தந்த துண்டுக் கடிதத்தோடு வருசக் கணக்காகத் திரிந்தான். கடைசியில் வேலைக்கு அட்டை வேணும் என்று வந்துவிட்டது. நீங்களே பதிவுக் கந்தோரில் சொல்லிப் பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். எனக்குச் சந்தோசம் தர என்று. முற்றத்தில் நின்றபடி விரித்து வாசித்தீர்கள். விரல் மடித்து எண்ணினீர்கள். திரும்பவும் எண்ணினீர்கள்.

"வருசத்தைப் பிழையாப் போட்டிரிக்கிறாங்க புள்ள."

"பிழை இல்ல மிஸ்."

என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். கோழி ஒன்று உங்கட செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது, அதைக்கூட நீங்கள் விரட்டவில்லை.

"இவனுக்கு மட்டுமா?"

"இல்ல மிஸ். வளந்த புள்ளைகளுக்கு."

"எத்தனை பேருக்கு?"

"நிறையப் பேருக்கு."

"எல்லாம் ஒனக்குத் தெரியும்."

"ஓம்."

பிரதியை நாலாக மடித்தீர்கள். "பேரை மறைச்சேனே புள்ள. ஏன் என்னட்டச் சொல்லல? நான் ஆருக்கும் சொல்ற ஆளா?"

"நீங்க சொல்ற ஆள் இல்ல மிஸ். நீங்க எழுதுற ஆள்."

அதைச் சொன்ன நாக்கை நான் எத்தனை நாள் கடித்துக்கொண்டேன் தெரியுமா? நீங்கள் போய்விட்டீர்கள். ஊற்றி வைத்த தேத்தண்ணியில் எறும்பு மிதந்தது. பிறகு போன் இல்லை, ஆள் இல்லை. மாமாங்கத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக் கோயிலுக்கு எப்போதும் சேர்ந்து போவோமே, அந்த வருசம் நான் தனியப் போனேன். சனத்துக்குள் உங்கட சீலை மாதிரி ஒரு சீலையைக் கண்டு பின்னாலேயே போய், வேற ஆளென்று கண்டு நின்றுவிட்டேன். என்னால் ஒரு மனிசியின் வாழ்நாள் வேலை பொய்யாகிப் போயிற்று என்ற நினைப்பு எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் அந்தப் பலகையோடு நின்றாலும் பதினொன்று என்றுதான் எழுதுவேன் என்பதும் எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்தால் எப்படி நித்திரை வரும்?

மாரி மழை விட்டதும் வந்தீர்கள். முன் மயிர் நரைத்திருந்தது. கோபம் இல்லை. "கொப்பியை எடு புள்ள. போவம்," என்றீர்கள். எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு எல்லாம் போனோம். நான் உள்ளே போய்க் கதைப்பேன், நீங்கள் வேலியோரம் நிற்பீர்கள். அப்பவும் பெயர் கேட்கவில்லை. உண்மை வயதை மட்டும் எண்ணுக்கு எதிரே எழுதினீர்கள். சிலர் சொன்னார்கள். சிலர், "இப்ப என்னத்துக்கு வயசு? ஆருக்கும் கலியாணம் பேசுறீங்களா?" என்று பகிடி விட்டு நழுவினார்கள். அந்தப் பொய் வயதிலேயே அட்டை எடுத்து, வேலை எடுத்து வாழ்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் தாய்மார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், எழுதிப் போடாதகா என்று.

தங்கமலர் அக்கா வீட்டுக்குள் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. அவவே வெளியே வந்தா. நாங்கள் கேட்க முதலே சொன்னா.

"பன்னிரண்டு. அண்டைக்கு அவனுக்குப் பன்னிரண்டு. எழுதுகா. இனி எனக்கு என்ன பயம்."

நீங்கள் எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு அவட தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான்தான் எழுதினேன்.

பிறகு அதே சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் எழுதினீர்கள். ஒரே ஒரு பக்கம். அச்சில் வந்த பிறகு எனக்கு ஒரு பிரதி தந்து, தமிழில் சொல்லியும் காட்டினீர்கள். வயதைக் கேட்ட முறை பிழை, அந்தக் காலத்தில் அந்த இடத்தில் தாய்மாரிடம் வயது கேட்டிருக்கக் கூடாது, ஆகவே வயதை வைத்து முதல் கட்டுரையில் சொன்ன முடிவை எவரும் எடுக்க வேண்டாம் என்று.

"நாங்க பொய் சொன்ன எண்டு எங்க இரிக்கு மிஸ்?"

"அப்பிடி ஒண்டும் இல்ல. நான் கேட்டது பிழை எண்டுதான் இரிக்கு. தாய் சொன்னதில பிழை இல்ல."

நான் அழுதேன். நீங்கள், "போதும், தாள் நனையுது," என்றீர்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம், என்ன? ஆனால் அந்த ஒரு பக்கத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. முதல் கட்டுரையின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. எங்கேயோ வெள்ளம் வந்த ஒரு ஊரில், பிள்ளைகளுக்குத் தனியாக ஆசிரியர் தேவையில்லை, தானாக எழும்புவார்கள் என்று ஒருவர் உங்கட பெயரைப் போட்டே எழுதிவிட்டாராம். அதை வாசித்த அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்று உங்கட மருமகன் சொன்னார். ஆஸ்பத்திரி வாட்டில் கடைசியாக நான் உங்களைப் பார்க்க வந்தபோது அவரின் போனைக் கேட்டு வாங்கி எண்ணைப் பார்த்தீர்கள். முந்தி "ஏறிட்டு" என்று துள்ளின ஆள், "ஏறிட்டு புள்ள" என்று காய்ச்சல் ஏறினது மாதிரிச் சொன்னீர்கள். "பிழை நடந்து திரியுது. திருத்தினது என்னைப் போலப் படுத்துக் கிடக்கு." சிரிக்கத்தான் பார்த்தீர்கள், இருமல் விடவில்லை.

இப்ப இந்தத் தங்கச்சி வந்திருக்கிறா. அவட வாயில் முதல் கட்டுரை மட்டும்தான் வந்தது. ரெண்டாவது தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரியாது போல. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் கூட்டத்தில் உங்களைப் புகழப் போறா.

ரூபனிடம் போனில் சொன்னேன். கரடியனாற்றில் மேசன் வேலையில் நிற்கிறான், மகள் என்னோடுதான்.

"அம்மா, பேசாம இரிங்க. செத்த மனிசிர பேரை ஏன் கெடுக்கிறீங்க? என்ட பேரையும் இழுத்து விடப்போறீங்க. மறந்திட்டன் எண்டு சொல்லுங்க."

அவன் சொல்கிறதிலும் நியாயம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் என்ன செய்ய ஏலும்? கொப்பியை அடுப்பில் வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தத் தங்கச்சி திரும்பவும் போய், அந்த எண்ணை இன்னும் ஏற்றுவா. சொன்னாலோ, உங்களுக்கு மாலை போட வந்த சபையில் நான் சாணி கரைத்து ஊற்றினது போல ஆகிவிடும். எப்படித் திரும்பினாலும் இடிக்கிறது மிஸ். நீங்கள் இருந்தால் ஒரு சொல்லில் சொல்வீர்கள்.

இதை எழுதி வைத்து நாலு நாளாகிறது. இன்றைக்குப் புதன். அவ வந்துவிட்டுப் போய்ட்டா. மிச்சத்தை எழுதுகிறேன்.

தேத்தண்ணி குடுத்தேன். மடியில் கொப்பியை விரித்துப் பேனையைத் திறந்தா. "முதல் ஒங்கட மகனிட்ட இருந்தே தொடங்குவம் அக்கா. அண்டைக்கு அவருக்கு எத்தனை வயசு?"

றோட்டைப் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை. மாடு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"பதின்மூணு," என்றேன். "நான் எழுதினது பதினொண்டு."

பேனை நின்றது. எல்லாம் சொன்னேன். பிஸ்கட் தகரத்தைத் திறந்து உங்கட அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் குடுத்தேன். எழும்பி நின்று வாசித்தா.

"இது எங்க அக்கா இரிந்த?"

"தகரத்துக்குள்ள."

"இல்லக்கா, இது அதே சஞ்சிகையிலயே வந்திரிக்கு. நான் ஏன் காணல்ல..." சொல்லிக்கொண்டே கீழே குந்திவிட்டா. பிறகு மெல்லக் கேட்டா, "இதைச் சொன்னா மிஸ்ஸிர பேர் என்னாகும் அக்கா?"

அந்தக் கேள்வியோடுதானே நான் நாலு நாள் கிடந்தேன். அவட வாயால் கேட்டவுடன் மறுமொழி எனக்குத் தானாக வந்தது.

"நீங்க புதுசா என்ன சொல்லப் போறீங்க தங்கச்சி? அவவே சொன்னதுதானே. தன்ட பேரைப் போட்டே சொல்லியிரிக்கா. நாங்கதான் கேக்கல்ல."

தாளை இன்னொரு தரம் வாசித்தா. "கூட்டத்தில இதை வாசிக்கிறன்," என்றா. "என்ட கட்டுரையிலயும் முதல் வரி இதைச் சொல்லித்தான்."

"அப்பிடி எழுதினா இந்தத் தாளுக்கும் எண் ஏறுமா?"

"ஏறும் அக்கா. ஒண்டு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. ஒண்டு, மிஸ்.

நீலக் கொப்பியைக் குடுக்கவில்லை. அதை உங்களுக்கே காட்டாதவள். வீடு வீடாக நானே போய்க் கேட்கிறேன், ஓம் என்றவர்களின் பெயரை மட்டும் தருகிறேன் என்று சொன்னேன். நாளைக்கு விடிய வெள்ளாப்பில் தங்கமலர் அக்காவிடம் போகிறேன். என்ன சொல்வாவோ. ரூபன் இன்னும் போன் எடுக்கவில்லை. பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன்.

தங்கச்சி ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு படலைக்குப் போகக்குள்ள, ரூபனின் மகள் பள்ளிக்கூடத்தால் ஓடி வந்தாள். புத்தகப் பை ஆளை விடப் பெரிசு. தங்கச்சி குனிந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஆர் இந்தக் குட்டி? எத்தனை வயசு?" என்று கேட்டா.

"நாலு," என்றேன்.

பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. "அப்பம்மா! எனக்கு ஆறு!"

நான் கையை முகர்ந்தேன். துரு மணம் அப்படியேதான் இருந்தது.

"ஓம், ஆறு தங்கச்சி," என்றேன். "நான் முதல் சொன்னது பிழை."